பாஞ்சாலி பிடித்த கயிறு

திருத்தணி பஜாரில் பாஞ்சாலியிடம் அடி வாங்காத ஆம்பளைகள் இருந்தார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களும் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடந்தார்கள். ஜவுளிக் கிடங்கில் அவள் இடுப்பில் கை வைத்த தரகன் ஒருவன் உடைந்த மூக்கோடு ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தான். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் குடித்துவிட்டுப் பெண்கள் மேல் சாய்ந்துகொண்டிருந்த இன்னொருவனை முடியைப் பிடித்து இழுத்துப் போய்ப் பொய்கைத் தண்ணீரில் முக்கினாள். காவடி எடுத்தவர்களோடு சேர்ந்து அந்தப் பாவியும் தலை முழுகினான். புண்ணியம் யாருக்குப் போனதோ தெரியாது.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. அவளைக் கட்டிக்கொடுத்தது நகரிப் பக்கத்து அத்தை மகன் சேட்டுவுக்கு. லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பாஞ்சாலி அவனைச் சின்ன வயசிலிருந்தே தெலுங்கில் அத்தானைச் சொல்கிற மாதிரி பாவா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். கல்யாணம் ஆன பிறகு அந்த வார்த்தைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டால் அடி. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்த சமயத்தில் ஒருநாள் காலால் உதைத்தான். ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் மறுபடியும் காலைத் தூக்கினான். அன்றைக்கு அவள் கையில் சாக்கு தைக்கிற கோணி ஊசி இருந்தது. தூக்கிய தொடையில் அதை நூல் கோக்கிற காது வரைக்கும் இறக்கினாள். சேட்டு நொண்டிக்கொண்டே நகரிக்குப் போனான். அவள் திருத்தணியில் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய ஞானம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். அவன் கால் இந்த வாசப்படியில் படக்கூடாது என்பது ஒன்றுதான் அதன் பிறகு அவள் வாழ்க்கையில் வைத்துக்கொண்ட சட்டம். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவள் வேலை ஜவுளி வியாபாரி ஜம்புலிங்கத்தின் கிடங்கில் துணிகளைப் பேல் பேலாக மூட்டை கட்டுவது. அம்மையார்குப்பத்திலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வரும் லுங்கிகளை அடுக்கிச் சாக்கில் சுற்றித் தைத்து, மேலே பலகை வைத்துக் கயிறு போட்டு இறுக்க வேண்டும். கயிறு முறுக்கேறி நிற்கும்போது ஒருத்தி "ஆப்பு" என்று குரல் கொடுப்பாள். இன்னொருத்தி கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பை வைத்து அடிப்பாள். ஒரு கணம் பிந்தினால் கயிறு தளர்ந்து பேல் குண்டாகிவிடும். பாஞ்சாலி குரல் கொடுத்தால் கிடங்கே திரும்பிப் பார்க்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம் ஜம்புலிங்கம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மலையடிவாரத்தில் பழைய பங்களா ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். அவர்கள் பியானோவைப் பெங்களூரில் ஒரு சங்கீதப் பள்ளி வாங்கியிருக்கிறது. பெங்களூருக்குத் துணி ஏற்றிப் போகிற தம் லாரியிலேயே அதையும் கொண்டு சேர்ப்பதாக ஜம்புலிங்கம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பியானோன்னா என்னாங்க?"

"ஆர்மோனியத்துக்குப் பெரியப்பாம்மா. நாலு ஆளு தூக்க முடியாது. ஒரு கீறல் விழாம போய்ச் சேரணும்."

பாஞ்சாலி போய்ப் பார்த்தாள். சுவரோடு சுவராகக் கறுப்பாக நின்றது. மூடியைத் திறந்து இடது ஓரத்தில் ஒரு கட்டையை விரலால் அமுக்கினாள். அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழும்பி, அவள் விரலை எடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றது. அதட்டத் தெரியாத ஓர் ஆம்பளைக் குரல் மாதிரி இருந்தது. அவளுக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று.

கட்டும் வேலையை அவள் அவசரப்படுத்தவில்லை. கட்டைகளின் மேல் நீளமாகப் பஞ்சைப் பரப்பி மூடியை இறக்கி, மூடி திறந்துகொள்ளாமல் துணியால் சுற்றினாள். கயிறு எந்த இடத்திலும் மரத்தில் நேராகப் படவிடவில்லை. முதலில் பழம்புடவைகள், அதன்மேல் ஜமுக்காளம், மூலைகளுக்கு வைக்கோல் அடைத்த சாக்குத் தலையணைகள். கீழே இருந்த சின்னச் சக்கரங்கள் பாரத்தைத் தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நெம்பித் தூக்கி இரண்டு சறுக்குக் கட்டைகளின் மேல் உட்கார வைத்தாள். கடைசியில் சுற்றிலும் மரச்சட்டம் போட ஆசாரி வந்தார். முதல் ஆணியை அவர் சுத்தியலால் அடித்ததும் பெட்டிக்குள்ளே இருக்கிற அத்தனை கம்பியும் முனகியது. இரண்டாவது அடி விழும் முன்னால் ஆசாரியின் கையில் ஒன்று விழுந்தது. சுத்தியல் தூரத்தில் போய் உருண்டது.

"உள்ள அழுவுதே, காதுல உழலியா? திருகாணி போடு."

ஆசாரி கையைத் தடவிக்கொண்டே திருகாணி போட்டார்.

ஏற்றுகிற அன்று லாரி ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்களில் சேட்டுவும் இருந்தான். வருஷக்கணக்கில் கண்ணில் படாதவன், வெற்றிலைச் சிரிப்போடு பங்களா வாசலில் வந்து நின்றான். ஜம்புலிங்கம் முகம் வெளுத்துப்போய் அவளைத் தனியே கூப்பிட்டார். "வேற ஆள் சொல்லட்டுமா? வேணாம்னா வேணாம்."

"இருந்தா இருக்கட்டுங்க" என்றாள் பாஞ்சாலி. "கீழ நிக்கட்டும்."

இதைச் சொன்னபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பின்னால் ஊரே இந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டது. ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவன் செத்துப்போவதை அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். லாரியடியில், கிணற்றில், தன் கையால். அன்று காலையிலும் நினைத்தாள்.

பங்களா உயரமான மேடைமேல் கட்டியது. வராந்தாவிலிருந்து தரைக்குப் படிகள். படிகளின் மேல் தடிப்பலகைகளைச் சாய்த்துப் போட்டுப் பெட்டியைச் சறுக்கியபடி இறக்க வேண்டும். அது தானாக ஓடிவிடாமல் வடக்கயிறு ஒன்றைப் பெட்டியில் கட்டி, வராந்தாத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பாஞ்சாலி பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கீழே ஆளுக்கொரு ஆப்போடு இரண்டு பேர். இடப்பக்கம் துளசிங்கம், தறி வேலை இல்லாத நாளில் கூலிக்கு வருகிறவன், கிடங்கு வழக்கம் தெரிந்தவன். வலப்பக்கம் சேட்டு.

பாதி இறங்கும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சேட்டுதான் சும்மா இருக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "என்னா பாஞ்சாலி, கை நடுங்குதா? இஸ்துப் பிடி, புருசன் கீழ நிக்கிறேன்" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கயிற்றை இன்னும் ஒரு பிடி விட்டாள். வெயிலும் புழுதியும் வியர்வையும். பல வருஷத்துச் சுண்ணாம்பு பூசிய தூண் அது. பாரம் ஏற ஏறச் சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து, கயிற்றுக்குப் பிடிப்பில்லாமல் போயிற்று. கயிறு ஓட ஆரம்பித்தது.

"ஆப்பு" என்று கத்தினாள்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. துளசிங்கத்துக்கு அது கிடங்குச் சொல். காதில் விழுந்ததும் ஆப்பைச் சறுக்குக் கட்டைக்கு அடியில் செருகிவிட்டான். லாரிக்காரர்களுக்கு அது தெலுங்கு. புத்தூர், நகரி ஆட்கள் பாரம் இறக்கும்போது 'நிறுத்து' என்பதற்குச் சொல்கிற வார்த்தையும் கத்தலில் அப்படியேதான் கேட்கும். இரண்டும் தெரிந்தவன்தான் சேட்டு. ஆனாலும் பழகிய காது பழகியதைத்தான் கேட்கும். ஆப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பெட்டியை நிறுத்துவதற்காகத் தோளைக் கொடுத்தான்.

இடப்பக்கம் நின்றது, வலப்பக்கம் ஓடியது. பெட்டி திரும்பிக்கொண்டு பலகையை விட்டு இறங்கியது. சேட்டு மல்லாக்க விழுந்தான். சறுக்குக் கட்டை அவன் முழங்காலுக்குக் கீழே ஏறியது. எலும்பு முறிகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. இன்னும் ஒரு முழம் இறங்கினால் நெஞ்சு.

வடக்கயிறு பாஞ்சாலியின் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கயிறு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது என்று அத்தனை பேரும் சாட்சி சொல்லியிருப்பார்கள். அவளோ ஓடுகிற கயிற்றை முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைத் தூணில் உதைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தாள். தோல் கயிற்றோடு போயிற்று. கயிறு சிவந்தது. பெட்டி நின்றது. அந்த வேதனையில் அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"பாவா."

ஆட்கள் ஓடிவந்து பெட்டியை நெம்பிச் சேட்டுவை உருவி எடுத்தார்கள். அவன் முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டே மயக்கமானான். பாஞ்சாலி புடவைத் தலைப்பைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு, பெட்டியை நிமிர்த்தி, லாரியில் ஏற்றி, நான்கு பக்கமும் பேல்களால் அண்டை கொடுத்து, அசைகிறதா என்று தோளால் இடித்துப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெங்களூரில் பிரித்தபோது ஒரு கீறல் இல்லையாம்.

ஊர் முதலில் கொல்லப் பார்த்தாள் என்றது. "கீழ நிக்கட்டும்னு அவளே சொன்னா, நான் கேட்டேன்" என்று நாலு பேர் சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். அது பாஞ்சாலிக்குப் பொறுக்கக்கூடியதாகவே இருந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்த சேட்டு வாயைத் திறந்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவ விடலைங்க. தப்பு என் காதுமேல. அவ மட்டும் பிடிக்கலைன்னா நான் இப்ப இல்ல. பாவான்னு கத்தினா, எல்லாரும் கேட்டாங்க. என்னா இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதாங்க."

கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். காயிலாங்கடைக்காரரிலிருந்து பூக்காரி வரைக்கும் அவளைப் பார்த்துப் புதுசாகச் சிரித்தார்கள். பத்து வருஷம் அடித்துச் சம்பாதித்த மரியாதை பத்தே நாளில் பத்தினி மரியாதையாக மாறிப்போனது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அடித்தவளைக் கண்டு ஒதுங்கின ஊர், பிடித்தவளின் வீட்டுக்குள் நுழையப் பார்த்தது.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. ஜம்புலிங்கம் முதலில் இறங்கினார். பின்னால் கக்கத்தில் ஊன்றுகட்டையோடு சேட்டு. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பாஞ்சாலி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டோடு வாசப்படியில் வந்து நின்றாள்.

"நகரியில பாத்துக்க ஆள் இல்லம்மா" என்றார் ஜம்புலிங்கம். "கால் சேர்ற வரைக்குமாவது. நீயே காப்பாத்தின உசுரு."

"நான் பொட்டியப் பிடிச்சங்க. ஒரு கீறல் விழக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. இந்த ஆளு அதும் கீழ இருந்தான், அவ்ளோதான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். சேட்டுவின் முகம் கறுத்தது. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போட்டு வைத்திருந்த நல்ல முகம் அந்தச் சிரிப்பில் கழன்று விழுந்தது. "நாலு பேர் எதிர்ல என்னாடி பேசறே" என்று ஊன்றுகட்டையை ஓங்கினான். அவள் நெற்றியில் விழுந்தது. ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது.

மறுபடியும் ஓங்கினான். முறியாத காலை வாசப்படியில் ஊன்றிக்கொண்டுதான் ஓங்கினான். பாஞ்சாலிக்குக் கைதான் கட்டியிருந்தது, காலுக்கு ஒன்றும் இல்லை. அடிவயிற்றைப் பார்த்து ஒரு உதை விட்டாள். அவன் ஜட்காவின் சக்கரத்தில் போய் மோதிச் சுருண்டு விழுந்தான். குதிரை மிரண்டு கனைத்தது. கீழே இறங்கி இன்னொன்றும் உதைத்தாள். அது குழந்தைக்கு. ஒருத்தரும் தடுக்க வரவில்லை.

"தூக்கினு போங்க" என்றாள் ஜம்புலிங்கத்திடம்.

அவர் குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தார். ஜட்கா வந்த வழியே திரும்பியது. கூட்டம் கலைந்தது. அதன் பிறகு அவள் எதிரே யாரும் புதுச் சிரிப்புச் சிரிக்கவில்லை.

ஞானம்மாள் நெற்றிக் காயத்தைத் துடைத்து மஞ்சள் வைத்தாள். கை ஆறும் வரைக்கும் அவள்தான் சோறு ஊட்டிவந்தாள். அன்றும் தட்டோடு எதிரில் உட்கார்ந்து, பிசைந்துகொண்டே கேட்டாள். "நிசமா சொல்லு. பொட்டிக்காகவா பிடிச்சே?"

பாஞ்சாலியின் கட்டுப்போட்ட கைகள் மடிமேல் கிடந்தன. அழுகை வருவதுபோல இருந்தது. வந்தது.

"இல்லக்கா. இன்னொரு வாட்டி அந்தக் கயிறு ஓடினாலும் நான் பிடிப்பேன்" என்றாள். "அதனாலதான் அவன் இந்த ஊட்டாண்ட வரக்கூடாது."

ஞானம்மாள் ஒரு வாய் உருட்டி நீட்டினாள். பாஞ்சாலி வாங்கி மென்றாள்.