துலா மிதிக்காத வயல்

ஆசிரியராக வேலையேற்ற முதல் நாளே மேல்வகுப்புப் பிள்ளைகள் நால்வர் என்னிடம் வந்தார்கள்.

"சேர், வவுனியாப் பேச்சுப் போட்டிக்கு எழுதித் தாங்கோ. பாடமாக்கிறம்."

"எழுதித் தரமாட்டன்."

முகம் கறுத்துப் போனார்கள். காரணத்தை அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் முள்ளியவளையில் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள். பத்தாம் வகுப்பில் பரிசளிப்பு விழாவில் பேச என்னைத் தெரிவு செய்தார்கள். சரியாகப் பேசினால் வவுனியாப் போட்டிக்கும் நான்தான். 'உழவின் மேன்மை' என்று நான்கு தாள் எழுதித் தந்தவர், கிணற்று நீரில் பயிர் செய்யும் குடாநாட்டிலிருந்து வந்த தமிழ் மாஸ்டர்.

"ஒரு சொல் மாறப்படாது. உன்ர சொந்தக் கதை ஒண்டும் வேண்டாம், விளங்குதோ?"

"ஓம் சேர்."

விழாவில், "துலா மிதித்துக் கிணற்று நீரிறைத்து நெல்வயலை நனைக்கும் உழவன்" என்று முழங்கினேன். முன்வரிசையில் இருந்த வட்டவிதானையார் எழும்பிவிட்டார். குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடுபவர் அவர்.

"தம்பி, வயலுக்குத் துலாவோ? அப்ப நான் மதகால என்னத்தைத் திறந்து விடுறன், பாலோ?"

மண்டபமே சிரித்தது. அடுத்த வரி மறந்துவிட்டது. ஓரத்தில் நின்று மாஸ்டர் வாயசைத்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"விதானையார் சொல்லுறது சரி. வயலில துலாவை நான் கண்டதில்லை. கண்டதைச் சொல்லுறன். போன சிறுபோக விதைப்பில கடை வாய்க்காலில எங்கட நெல்லு கருகினது. எங்கட முறை நாளில மதகு ஏன் பூட்டிக் கிடந்தது?"

சிரிப்பு நின்றது.

"குளத்தில தண்ணி இல்லையடா" என்றார் விதானையார்.

பின்னால் நின்ற, என்னைப் பெற்ற ஐயா சொன்னார்: "இருந்தது. மேல் வாய்க்கால் ஓடினதை நான் பாத்தனான்."

மற்றக் கடை வாய்க்கால்காரரும் ஒவ்வொருவராக எழும்பி அதையே சொன்னார்கள். விதானையார் உட்கார்ந்துவிட்டார். பேச்சை முடித்துத்தான் இறங்கினேன்.

"நீ வவுனியாவுக்கு இல்லை" என்றார் மாஸ்டர். அதே நான்கு தாளோடு வேறொருவன் போனான், பரிசும் வாங்கினான். அந்தப் பரிசில் எனக்கு இன்றுவரை பொறாமை இல்லை.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கண்டதைப் பேசு. கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசு. யாரும் குறுக்கிட்டால் நிறுத்து, கேள், மறுமொழி சொல், பிறகு தொடர்.

போன கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "எழுதிக் குடுக்காட்டில் பரிசு வராது, பாரும்."

"வராட்டில் போகட்டும், சேர். ஆரும் எழும்பிக் கேள்வி கேட்டால் என்ர பிள்ளையள் முழிச்சுக்கொண்டு நிக்காதுகள்."