சறுக்குப் பலகையில் போன மாதா

லண்டனில் பனி கொட்டுவதற்கு முதல் நாளே எங்கள் ஆட்களின் முணுமுணுப்புக் கொட்டத் தொடங்கிவிடும். எங்கள் கோயில் பங்கின் வட்ஸ்அப் குழுவில் முதலில் ஒருவர் வானிலைப் படத்தைப் போடுவார். அடுத்தவர் கைகூப்பும் படம் போடுவார். மூன்றாமவர், "உந்த நாட்டில மனிசர் இருப்பினமோ?" என்று எழுதுவார். அவர் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகிறது. வீடு வாங்கி, பின்பக்கத்தை நீட்டியும் கட்டிவிட்டார்.

பனி விழுந்த காலையில் படங்கள் வரும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு மேல் பனி கிடப்பதைப் பிடித்து அனுப்புவார்கள், மற்ற வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்கு ஆண்டவர் பனி கொடுக்காதது போல. ஊரிலுள்ள உறவுகளுக்கும் அந்தப் படம் போகும். "மோட்சம் மாதிரிக் கிடக்குது" என்று அவர்கள் பதில் போடுவார்கள். மோட்சத்துக்கும் இப்படி இரண்டு அங்குலப் பனிக்கு ரயில் ஓடாது என்றால், புனிதர்களான அர்ச்சிஷ்டவர்கள் எல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நானும் முணுமுணுக்கிறவன்தான். நோர்பரியில் வீடு, பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. உள்ளே போறணை அடுப்புச் சூட்டில் வேர்த்துவிட்டு வெளியே வந்தால் வேர்வையே உறைந்துவிடும். படிப்புக் குறைவென்றாலும் பூசைக்குத் தவறமாட்டேன். ஆனால் மாசி மாதத்தில் என் செபத்தில் பாதி, வானிலையைப் பற்றிய முறைப்பாடாகவே இருக்கும். மாதா அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பா.

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. லூர்து மாதா திருநாளுக்கு முந்திய நவநாள். அந்த ஒன்பது நாளும் மாதாவின் சொரூபம் எங்கள் பங்கில் ஒன்பது வீடுகளுக்குப் போகும், வீட்டுக்கு ஓர் இரவு. வைத்திருந்த வீட்டுக்காரர்தான் மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அது கண்டிப்பான வழக்கம். கூட்டமாகச் செபமாலை சொல்லிக்கொண்டு போவோம். போன வீட்டில் செபம் முடிந்ததும் றோல்ஸ், வடை, தேத்தண்ணி. செபத்துக்கு வராத சிலர் றோல்ஸ் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்வார்கள். அவர்களுக்குப் பரிசுத்த ஆவி எப்படியோ அறிவித்துவிடுவார்.

அன்று மாதா எங்கள் வீட்டில். பின்னேரம் போகவேண்டியது ஸ்ட்ரெதம் அக்கா வீட்டுக்கு. அவ மன்னார்ப் பக்கம். கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை, மேல்மாடி ஃபிளாட் ஒன்றில் தனிய இருக்கிறா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோயிலில் கடைசி வாங்குப் பலகையிலிருந்து அவ சிரித்தால் பீடத்தில் பூசை வைக்கும் சுவாமி நிமிர்ந்து பார்ப்பார். அந்த அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன். அதற்காகவே நவநாளில் அந்த இரவைக் கேட்டு வாங்கியிருந்தா. "கத்திக்கு முதல் ஒரு ராத்திரி மாதா என்னோட இருந்தாக் காணும்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தா.

விடியற்காலை தொடங்கிய பனி மத்தியானமாகியும் விடவில்லை. கூடவே குழுவில், வராமல் இருப்பதற்குச் சாட்டுகளும் கொட்டின. ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்குக் கார் கழுவிக் காயவில்லையாம். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், பிறகு மனைவியையும் காணோம் அவரையும் காணோம். ஹரோவுக்கு வீடு மாறிப் போய்ப் பல வருடமாகியும் புத்தி சொல்வதற்காக எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒருவர், "மாதா எங்கும் இருக்கிறா, சூமில செபிப்பம்" என்று எழுதினார். அதற்குப் பதினைந்து பெருவிரல்கள் உயர்ந்தன.

பிறகு ஸ்ட்ரெதம் அக்காவே போன் எடுத்தா.

"தம்பி, ஒருத்தரும் வரவேண்டாம். பஸ்சும் இல்லை. ஆரும் விழுந்து காலை முறிச்சா அந்தப் பாவமும் எனக்கேன்? நான் மாதா படத்துக்கு முன்னால ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் படுக்கிறன்."

சிரிப்பில்லாமல் அவ பேசி நான் கேட்டது அன்றுதான். போனை வைத்ததும் நான் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டேன், பொய் சொல்லக்கூடாது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தா.

"என்னவாம்?"

"வரவேண்டாமாம்."

"உந்தக் குரல் வரவேண்டாம் எண்ட குரலோ? காது கேக்காதோ உங்களுக்கு? படியில கிடக்கிற ஸ்நோவை முதல் தள்ளுங்கோ. ஆறு மணிக்கு மாதா வெளிக்கிட வேணும்."

என் மனைவி முடிவு செய்தால் மேல்முறையீடு இல்லை. ஆனால் பனி தள்ளும் மண்வெட்டி எங்களிடம் இல்லை. ஒவ்வொரு வருடமும் பனிக்காலம் முடிந்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று நினைவு வரும். அப்போது மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தா. கொதிக்கக் கொதிக்கப் பானை நிறையக் கஞ்சி. எனக்கு மூளை வேலை செய்தது. சும்மா தொட்டிக்குள் ஊற்றும் கஞ்சிதானே! தூக்கிக்கொண்டு போய் வாசல் படிகளில் ஊற்றினேன். பனி ஆவி பறக்கக் கரைந்து ஓடியது. படி பளபளவென்று தெரிந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி கார்க் கண்ணாடியைச் சுரண்டியபடி, "லவ்லி!" என்றா. அவர்களுக்கு ரயில் நின்றாலும் பள்ளிக்கூடம் பூட்டினாலும் பனி லவ்லிதான். அன்றைக்கு அவ என் வேலையைத்தான் சொல்கிறா என்று நினைத்து, தாங்ஸ் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

எங்கள் பங்கில் நோர்வே அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். முதலில் நோர்வேயில் இருந்து, பிறகு இங்கே வந்து குளியலறைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்கிறார். பனி என்றால் அவருக்கு ஒரு பெருமை, அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பது போல. அவர் மட்டும்தான் வருகிறேன் என்று போன் செய்தார்.

"இது ஸ்நோவோ, தம்பி? நோர்வேயில இதுக்குத் தொப்பி கூடப் போடமாட்டம். மைனஸ் இருபத்தஞ்சில நான் சைக்கிள் ஓடினனான். மாதாவை என்ர காரில ஏத்துவம்."

ஆறு மணிக்கு அவர் நடந்து வந்தார். கார் அவருடைய தெருவின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டதாம்.

"கார் பிழையில்லை, ரயர்தான் பிழை. நோர்வே ரயர் எண்டா..." என்று கேற்றைத் திறந்தபடி சொல்லிக்கொண்டே, நெஞ்சை நிமிர்த்திப் படியில் கால் வைத்தார்.

அடுத்த கணம் அவர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். நான் ஊற்றிய கஞ்சி, கண்ணாடி போல உறைந்து போயிருந்தது. அதில் அங்கங்கே ஒன்றிரண்டு சோற்றுப் பருக்கைகளும் பதிந்திருந்தன.

"என்ன சாமானடா இது?" என்று படுத்தபடியே கேட்டார்.

"கஞ்சி அண்ணை."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நோர்வேயில சோறு வடிக்கிறேல்லை போல."

அவர் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்தா. பேரப்பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தா. ஆம்புலன்ஸ் வரப் பிந்தும், இதில் வைத்து இவரை இழுத்துப்போகலாம் என்று அவவுடைய எண்ணம். நோர்வே அண்ணை அதைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார். சுகப்படுத்தல் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் மனைவி வாசலில் நின்று அந்தப் பலகையைப் பார்த்தா. பிறகு வீட்டுக்குள்ளே மாதாவைப் பார்த்தா. எனக்கு விளங்கிவிட்டது.

"மாதாவை உதில வைச்சு இழுக்கிறதோ?" நோர்வே அண்ணை இடுப்பைப் பிடித்தபடி கேட்டார். "அவமரியாதை, தங்கச்சி."

"அவ நிறைமாசத்தோட கழுதையில போனவ அண்ணை. கழுதைக்கு இது எவ்வளவோ மேல். இது உதைக்காது."

அதற்கு மேல் வேதம் பேச எங்களில் ஒருவருக்கும் படிப்பில்லை. தலையணை இரண்டு, எங்கள் கட்டில் போர்வை, அதன் மேல் மனைவியின் கூறைச்சேலை. முகமும் கிரீடமும் மட்டும் தெரிய மாதாவைச் சுற்றிக் கட்டினோம். முன்னே கயிற்றைப் பிடித்தபடி நோர்வே அண்ணை, பின்னே சாயாமல் பிடிக்க நான், பக்கத்தில் செபமாலையோடு மனைவி. நாற்பது பேர் போகவேண்டிய பவனி, மூன்று பேராகப் புறப்பட்டது.

மனைவி மந்திரத்தைத் தொடங்குவா, நாங்கள் முடிக்க வேண்டும். நோர்வே அண்ணை முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆமெனுக்குப் பிறகு ஒரு வசனம் சேர்ந்து வந்தது. "ஆமென். கவுன்சில்காரன் உப்புப் போடேல்லை." "ஆமென். நோர்வேயில விடிய நாலு மணிக்கே மெசின் வரும்." மனைவி செபமாலையில் ஒரு பத்துமணி முடியும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னா: "அண்ணை, மாதாவுக்கு நோர்வே தெரியும். நீங்கள் செபத்தை மட்டும் சொல்லுங்கோ."

வராத பஸ்ஸுக்குக் கொஞ்சப் பேர் ஒரு தரிப்பில் நின்றார்கள். பிளாஸ்டிக் பலகையில் கூறை உடுத்துப் போகும் மாதாவைக் கண்டு வாய் பிளந்தார்கள். ஓர் ஆபிரிக்க அம்மா மட்டும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எங்களோடு வந்துவிட்டா. நாங்கள் தமிழில் சொல்ல அவ ஆங்கிலத்தில் முடித்தா. தன் தெரு வந்ததும் மாதாவின் கூறைத் தலைப்பைத் தொட்டுக் கும்பிட்டு, இந்தப் பனியைத் திட்டி எங்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனா. செபமும் முணுமுணுப்பும் எல்லாச் சனத்துக்கும் ஒன்றுதான் என்று கண்டேன்.

அக்காவின் தெரு ஓர் இறக்கம். திரும்பும்போது நோர்வே அண்ணை மூக்கைத் துடைக்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார். அவ்வளவுதான். மாதா தனிய வெளிக்கிட்டா. "ஐயோ, ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டு நாங்கள் மூவரும் பின்னால் விழுந்தடித்து ஓடினோம். மாதாவைப் பின்பற்றி நடவுங்கள் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். மாதாவுக்குப் பின்னால் ஓடியது அன்றுதான். பலகை ஒரு காரிலும் முட்டாமல் நேரே போய், அக்காவின் வாசலுக்குக் கிட்டக் குவிந்து கிடந்த பனிக்குள் மெத்தென்று ஏறி நின்றது. சொரூபத்தில் ஒரு கீறலும் இல்லை.

மேலே யன்னல் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தா. மாதாவைப் பார்த்தா, பிறகு மூச்சிரைக்க நிற்கும் எங்களைப் பார்த்தா. தெரு முழுதும் கேட்கச் சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்குக் கால் விறைத்தது தெரிய வந்தது.

வரவேண்டாம் என்று சொன்ன மனுசி, மேசை நிறைய றோல்ஸ் பொரித்து வைத்திருந்தா. மாதாவின் முடியில் ஒட்டியிருந்த பனியைத் தன் சால்வைத் தலைப்பால் ஒற்றி எடுத்தா. குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டினா. பிறகு திரும்பாமலே மெல்லச் சொன்னா: "பயமாக் கிடக்குது தம்பி."

முழங்காலில் இருந்து செபித்தோம். இந்தப் பனி விடவேண்டும், காலையில் அக்கா ஒரு தடங்கலும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நான் உரத்து மன்றாடினேன். நோர்வே அண்ணையும் மனைவியும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பனி முன்னதைவிட மோசமாகக் கொட்டியது. அக்கா போன் எடுத்தா. டொக்டர்மார் வந்து சேர முடியவில்லையாம், ஒப்பரேசன் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போய்விட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் பனியையும், ரயிலையும், கவுன்சிலையும் வரிசையாகத் திட்டினேன். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தா.

"திட்டாதேங்கோ தம்பி. நான்தான் கேட்டனான்."

"என்னத்தை அக்கா?"

"விடிய விடியக் கொட்டட்டும் எண்டு. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், மனம் ஆறேல்லை எண்டு. நீங்கள் உரத்துக் கேட்டியள், நான் மெல்லக் கேட்டன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனேன். ஒரே அறையில், ஒரே மாதாவிடம், மூன்று பேர் ஒன்று கேட்க ஒருத்தி வேறொன்று கேட்டிருக்கிறா. யாருக்குக் கொடுத்தா என்பது யன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. நோர்வே அண்ணைக்குச் சொன்னபோது அவருக்கு மனவருத்தம். "அப்ப நான் விழுந்தெழும்பி இழுத்ததுக்கு?" என்றார்.

அடுத்த இரவு மாதாவை வரவேற்கவிருந்த வீட்டுக்காரர் கொஞ்சம் முகம் சுழித்தாலும், மாதா நவநாள் முடியும்வரை அக்காவோடுதான் இருந்தா. கோயிலில் திருநாள் பூசைக்குக்கூட அக்காவே மாதாவைக் கொண்டுவந்தா. மிச்ச வீடுகள் சூமில் செபித்தன. ஹரோக்காரருக்குத் தன் யோசனை வென்றுவிட்டதில் பெரிய சந்தோசம். பனியும் கரைந்து, கறுத்த சேறாகி, ஓடிப்போனது. ஒப்பரேசனுக்கு அக்கா தன் காலால் நடந்து போனா. வழியில் தன்னோடு வந்த என் மனைவிக்கு இரண்டு பகிடியும் விட்டாவாம். கட்டி போய்விட்டது. அக்கா இருக்கிறா. கோயிலில் சுவாமி இன்றும் இடைக்கிடை நிமிர்ந்து பார்க்கிறார்.

பனி கொட்டினால் நான் இன்றும் முணுமுணுக்கிறேன், அதை விட முடியவில்லை. ஆனால் படியில் கஞ்சி ஊற்றுவதில்லை. குழுவில் வானிலைப் படம் வந்ததும் இப்போதெல்லாம் யாராவது முதலில் கேட்பது, "அக்கா, இது உங்கட வேலையோ?" என்பதுதான்.

போன மாதமும் கேட்டார்கள். அக்கா உடனே பதில் எழுதினா:

"இந்த முறை நானில்லை. ஆனா ஆர் கேட்டதோ தெரியாது, திட்டாமக் கொஞ்சம் பொறுங்கோ."