அம்மாவின் மாத்திரைப் பெட்டி

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவை அவருடைய உடம்பே அடிக்கத் தொடங்கியது. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார். அம்மாவின் மூக்கிலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை.

"உள்ளுக்குள்ள சிப்பாய்ங்க இருக்காங்கம்மா. ஒரு கிருமி வந்துட்டா அதோட மொகத்த மறக்கவே மாட்டாங்க, திரும்ப வந்தா ஒடனே புடிச்சிருவாங்க. சொந்த வீட்டு ஆளையே அடிக்கிற சிப்பாய பயிற்சியிலயே ஒடம்பு கழிச்சு விட்ரும். அதுல சிலது தப்பிச்சு வந்து அம்மாவையே கிருமின்னு நெனச்சிருச்சு."

சின்ன வெள்ளை மாத்திரை அந்தச் சிப்பாய்களை அடக்கி வைக்குமாம். ஒரு நாளும் விடக்கூடாதாம்.

எனக்குத் தலை சுற்றியது. அதே வாரம்தான் பள்ளியில் வெள்ளை அணுக்களுக்கு வாளும் கேடயமும் வரைந்து ஆசிரியையிடம் நட்சத்திரம் வாங்கியிருந்தேன். அவர்கள் நல்லவர்கள் இல்லையா? நல்லவர்களை யாராவது மருந்து கொடுத்து அடக்குவார்களா? அம்மாவுக்கு நோய் வந்தது பலம் குறைந்ததாலா, கூடியதாலா? அப்பாவைக் கேட்டேன். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுப் பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார்.

என் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ச் சத்து மாத்திரை விற்கும் நேரடி விற்பனை. ஃபெர்ரி ஏறி ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு டப்பாவோடு வந்தார்.

"அக்கா, இது எதிர்ப்புச் சக்திய டபுளாக்கும். ஒரு மாசம் சாப்ட்டுப் பாருலா."

அம்மா சிரித்தபடி வாங்கி அலமாரியில் வைத்தார், தொடவில்லை. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள்.

ஞாயிறுதோறும் ஏழு நாளுக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போடுவது என் வேலை. அம்மாவின் விரல்களுக்கு அது முடியாது. அன்று டாக்டரின் வெள்ளை மாத்திரைகளை எடுத்து என் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டு, மாமாவின் மாத்திரைகளை அந்த இடத்தில் வைத்தேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை எனக்குத் தாங்கவில்லை.

சில நாளிலேயே அம்மாவால் எனக்குச் சடை பின்ன முடியாமல் போனது. சிப்பாய்கள் இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா கட்டிலைவிட்டு எழவே இல்லை. அப்பா தூக்கிக்கொண்டுபோய் காரில் படுக்க வைத்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா மாத்திரைப் பெட்டியைக் கையில் கவிழ்த்துப் பார்த்தார். "இது நான் குடுத்ததே இல்லையே. யாரு போட்டா?"

அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"நான்தான் டாக்டர். தம்பி குடுத்தான், ஆசப்பட்டு மாத்திச் சாப்ட்டேன்."

டாக்டரம்மா அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு பெரியவர் ஏன் சொல்கிறார் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும்போல் இருந்ததால் வேறு ஏதாவது பேசலாம் என்று கேட்டேன்.

"அந்தச் சிப்பாய்ங்கள எல்லாம் வெளிய தொரத்திட முடியாதா, டாக்டர்?"

"முடியாதும்மா. அவங்க இல்லன்னா சாதாரண சளியே அம்மாவ சாய்ச்சிரும். அடக்கி, கூட வச்சிக்கிட்டுத்தான் இருக்கணும்."

அம்மா மடங்காத விரல்களால் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"பாவம், டாக்டர், அந்தச் சிப்பாய்ங்க. அவங்களும் காப்பாத்துறதா நெனச்சுத்தானே அடிச்சாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வலி கொடுத்தவர்களுக்குப் போய் பரிந்து பேசுகிறாரே என்று.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அம்மா மாத்திரைப் பெட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.