மொட்டு, மலர், உதிர்வு

என் அக்கா புருஷன் பள்ளிக்கூடத்தில் பியானோ வாத்தியார். தலையில் ஒரு முடி கிடையாது. தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பூக்களைப் பற்றி ஒரு கான்செர்ட்டோ எழுதப் போகிறேன் என்று ஒரு நாள் ஆரம்பித்தார். முன்னால் பியானோ, பின்னால் பெரிய வாத்தியக் குழு என்று எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற சமாச்சாரம். கேட்பவர்களில் ஒருத்தராவது "பூவைப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பிறந்த பலன் கிடைத்துவிடும் என்பார்.

பூவைப் பற்றி எழுதுகிற மனுஷர் பூவைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். மகரந்தம் பட்டால் தும்மல் வருமாம், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டுதான் எழுதுவார். பால்கனியில் அக்கா ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"அந்தச் சளசளப்பை நிறுத்து! இயற்கை எனக்குள்ள பேசிக்கிட்டிருக்கு!"

அக்கா நிறுத்திவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

கச்சேரிக்கு நிகழ்ச்சித் தாள் அச்சடிக்க வேண்டும். மூன்று பாகங்களின் பெயரையும் அறைக்குள் இருந்தபடியே கத்தினார்: மொட்டு, மலர், உதிர்வு. அக்கா வெளியே உட்கார்ந்து கணினியில் அடித்தாள். மூடிய கதவைத் தாண்டி அவள் காதில் விழுந்தது 'மொட்டை'.

அரங்கத்தில் எல்லாரும் தாளைப் பார்த்தார்கள். பிறகு மேடையில் பளபளத்த தலையைப் பார்த்தார்கள். "மொட்டையான பிறகு எதுங்க உதிரும்?" என்று என் பின்னால் ஒருவர் விசாரித்தார். அத்தான் உயிரைக் கொடுத்து வாசித்தார், பொய் சொல்லக் கூடாது. கடைசிப் பாகத்தில் பலருடைய கை தானாகத் தங்கள் தலைக்குப் போனது. முடிந்ததும் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார்.

"சார், என் முடி கொட்டின கதையை அப்படியே வாசிச்சுட்டீங்க!"

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அக்காமேல் பாய்ந்தார்.

"மொட்டு எப்படிடி மொட்டையாச்சு?"

"கதவை அடைச்சுக்கிட்டுக் கத்தினா அப்படித்தான் கேக்கும்."

மனுஷர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முதல் தடவையாக எனக்கே பாவமாக இருந்தது.

"உனக்காவது ஒரு பூ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கடைசிப் பாகத்துல. இதழ் இதழா விழுந்துச்சு. என் ரோஜாதான்."

ஒருத்தர் சொன்னால் போதும் என்றாரே, சொல்லியாகிவிட்டது. அத்தான்தான் தலையை நிமிர்த்தவில்லை.