எடுக்காமல் விட்ட அழைப்பு

அந்த மருத்துவமனையில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெங்களூர் ராஜாஜிநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த கருத்தரிப்பு மருத்துவமனை அது. காலை ஏழரைக்கெல்லாம் கூடம் நிறைந்துவிடும். நர்ஸ் கதவைப் பாதி திறந்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்து, ஒன்பதாம் நாள் யார், பதின்மூன்றாம் நாள் யார் என்று கன்னடத்தில் கேட்பார். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. அந்த நாளுக்குரியவள் எழுந்து உள்ளே போவாள். கருமுட்டை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

ஒருநாள் பதினோராம் நாள் என்று கேட்டபோது இரண்டு பேர் எழுந்து நின்றோம். மற்றவள் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அரக்கு நிறச் சுடிதார், தோளில் துணிப்பை. நான் போனில் என் கணவரோடு பேசியதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, தமிழிலேயே சொன்னாள்: "நீங்க முன்னாடி போங்க அக்கா. எனக்கு வேல பத்தரைக்குத்தான்."

ஸ்கேன் முடிந்து படியிறங்கும்போது அவளுக்காக நின்றேன். எனக்கு ஏன் நிற்கத் தோன்றியது என்று தெரியவில்லை. நான்கு வருடமாக யாருக்காகவும் அந்தப் படிகளில் நின்றதில்லை. அங்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே கூச்சப்படுவோம். அவள் ரிப்போர்ட்டை நீட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பத்தாவது வரை கன்னடப் பள்ளி. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவாள். வலப்பக்கம் ஒன்று பதினான்கு மில்லிமீட்டர், இடப்பக்கம் எதுவும் இல்லை என்று படித்துச் சொன்னேன். "உங்களுக்கு?" என்றாள். எனக்குப் பதிமூன்று. "பரவால்ல, பக்கத்துலதான் இருக்கோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து சேர்ந்து திரும்பினோம். மெட்ரோவில் அவள் ஸ்ரீராம்புரத்தில் இறங்குவாள். நான் அடுத்த நிறுத்தத்தில் மல்லேஸ்வரத்துக்கு இறங்குவேன். அவள் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறாள். அவள் கணவர் மாநகராட்சி குப்பை லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி எட்டு வருடம். நான் வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்தவள், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு ரயில் பாதைதான். ஆனாலும் அந்தக் கூடம் இல்லாவிட்டால் அவளை நான் சந்தித்திருக்கவே மாட்டேன்.

எழுதினால் படிக்க மாட்டாள் என்பதால் குரல் பதிவாகத்தான் பேசிக்கொள்வோம். அவள் அனுப்புகிற பதிவுகளில் பின்னால் எப்போதும் குக்கர் விசிலோ பாத்திரச் சத்தமோ கேட்கும். பெரும்பாலும் சாப்பாடு பற்றி, கடை முதலாளி பற்றி, ஊசி போட்ட இடத்தில் வந்த வீக்கம் பற்றி. அவளிடம் பேசுவது எனக்கு எளிதாக இருந்தது. என் அம்மாவிடம் பேசினால் அவர் அழுவார். அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. என் கணவர் நல்லவர். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் "இந்த மாசம் ஆயிடும் பாரு" என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் என்ன பேசுவது?

நாங்கள் பழகத் தொடங்கிய ஐந்தாவது மாதம் இருவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை அமைந்தது. கணவரின் விந்தைச் சுத்தம் செய்து, குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். பிறகு அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தத் திரையிடம் சொன்னேன்.

"எனக்குக் குழந்தை வேணுமா, இல்ல இதெல்லாம் முடிஞ்சா போதும்னு இருக்கான்னே தெரியல. ஆரம்பத்துல வேணும்னு நிச்சயமா இருந்துச்சு. இப்ப குழந்தை முகத்த நெனச்சுப் பாத்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. எனக்கு அம்மா ஆகற கொடுப்பினையே இல்லையோன்னு தோணுது."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"நீங்க நெறய யோசிக்கிறீங்க அக்கா" என்றாள் அவள். "எனக்கு அவ்ளோ தூரம்லாம் போவாது. எனக்கு வேணும். அவ்ளோதான்."

அவள் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வேண்டும் என்று அவளைப்போல ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் கிடைக்கும் என்று, பரீட்சையில் தப்பான பதிலை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

சிகிச்சை முடிந்த பன்னிரண்டாவது நாளே எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அலுவலகக் கழிப்பறையில் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டு போய் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து, அதே மீட்டிங் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள். அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. போட்டுக் கேட்டேன். பேச்சே இல்லை, மூச்சு வாங்குகிற சத்தமும் கடைசியில் "அக்கா" என்ற ஒரு சொல்லும்தான். இதயங்களும் பூக்களுமாக ஒரு வரிசை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எனக்கு என்னாயிற்று என்று அவள் கேட்கவில்லை என்று அன்று கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். கேட்டுவிட்டாளே என்று அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

குழந்தையின் இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மைசூர்பாக் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பால்கனியிலிருந்து அவள் வருவதைப் பார்த்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்று சொல்லும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தலை வாரிக்கொண்டிருந்த சீப்பு கையிலேயே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் சத்தம் வரும் என்று சுவரோரமாக நின்றேன். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தது கேட்டது. எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். "எழுப்பாதீங்க அண்ணா, தூங்கட்டும்" என்றாள். அவள் மெதுவாகப் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தேன்.

"இனிமே இந்த மாதிரி என்னச் சொல்லச் சொல்லாத" என்றார் என் கணவர். "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு உன்ன?"

எதுவும் பண்ணவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப்பின் அவள் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பிறகு அதையும் நிறுத்தினேன். அவளிடமிருந்து எது வந்தாலும் போன் சத்தம் போடாதபடி மாற்றி வைத்தேன். இதற்கிடையில் எனக்கு இன்னும் இரண்டு முறை சிகிச்சை நடந்து, இரண்டு முறையும் வீணாயிற்று. ஒரு மதியம் அலுவலகத்தில் போனை எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து ஏழு அழைப்புகள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். சீமந்தத்துக்கு நாள் குறித்திருப்பார்கள், கூப்பிடத்தான் அழைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். குழந்தை இல்லாதவளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைக்கப் போகிறாளா என்று மனதுக்குள் ஒரு சண்டையே போட்டேன். திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குமேல் அவளும் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ரத்தம் எடுத்துக்கொண்டே நர்ஸ் சாதாரணமாகக் கேட்டார், உங்கள் தோழி எப்படி இருக்கிறாள் என்று. நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் இங்கே வந்திருந்தாளே, ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டதாமே, உங்களுக்குத் தெரியாதா என்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதியாக வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. மாதக்கணக்காக நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று லேசானது. கண்ணிமைக்கிற நேரம்தான் இருக்கும். நாங்கள் மறுபடியும் ஒரே இடத்தில் நிற்கிறோம் என்பது போன்ற ஒரு லேசு. அது என்ன என்று எனக்கே புரிந்தபோது உடம்பு கூசிப்போயிற்று. பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

போனில் அவள் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஏழு அழைப்புகளுக்குக் கீழே நான் திறக்காத ஒரு குரல் பதிவும் ஒரு படமும் இருந்தன. காதில் வைத்துக் கேட்டேன். "அக்கா, ஆஸ்பத்திரில இருக்கேன். வயித்து வலி வந்து இட்டாந்துட்டாங்க. இங்க ஒரு ஃபார்ம்ல கையெழுத்து கேக்குறாங்கோ, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது. அவரு வண்டில போயிருக்காரு, அத்தைக்குப் படிக்கத் தெரியாது. போட்டோ அனுப்பிருக்கேன். இன்னா எழுதிருக்குன்னு மட்டும் சொல்லுங்க அக்கா." குரல் நிதானமாகத்தான் இருந்தது. என்னைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்ற நிதானம்.

படத்தைப் பெரிதாக்கினேன். குழந்தைக்கு உயிரில்லை, மருந்து கொடுத்து வெளியே எடுக்கச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது. இரண்டு மாதம் தாமதமாக அந்தப் படியில் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்தேன். யாரோ ஒருத்தி தன் ரிப்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டி மேலே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். அவள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. குறுகலான சந்து, இரும்புப் படி, மேலே ஒரே அறை. அவள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அக்கா" என்று பாயை விரித்தாள். அவள் மாமியார் என்னை யார் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பழக்கமான அக்கா என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். கடையில் இரண்டு வாரம் லீவு தந்தார்கள் என்றாள். மெட்ரோவில் இப்போதெல்லாம் ரொம்பக் கூட்டம் என்றாள்.

மாமியார் தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் நான் பேச ஆரம்பித்தேன். அவள் வீட்டுக்கு வந்த அன்று நான் தூங்கவில்லை என்பதையும், வேண்டுமென்றேதான் போனை எடுக்காமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். நர்ஸ் சொன்னபோது எனக்குள் வந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வது அவளிடம் மன்னிப்புக் கேட்பதாகாது, என் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவதாகும் என்று பட்டது.

அவள் காயை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க தூங்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா. செருப்புப் போடும்போது உள்ள வளையல் சத்தம் கேட்டுச்சு" என்றாள். இன்னொரு காயை எடுத்தாள். "தப்பா எடுத்துக்கல. எனக்கு வராம உங்களுக்கு வந்திருந்தா எனக்கும் பேஜாராத்தான் இருந்திருக்கும். உங்க மூஞ்ச பாக்கப் புடிச்சிருக்காது. ஆனா போன எடுத்திருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, குத்திக் காட்டுவதும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. மாமியார் குடத்தோடு மேலே வரும் சத்தம் கேட்டதும், முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினாள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கண நேர லேசையும் சேர்த்து. இந்த மாதம் ஆகிவிடும் என்று அவர் அன்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருத்திக்குக் குழந்தை எதற்கு என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கொஞ்ச நாள் நிறுத்திடலாமா?" என்றார். நிறுத்துவதென்றால் ஒரேயடியாகவா என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னது அன்றுதான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினோம். மூன்று மாதம் நாள் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. காலையில் எழுந்ததும் இன்று எத்தனையாவது நாள் என்று தானாகவே மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. மாதவிலக்கு வருகிறபோது இன்னமும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். அப்படியானால் எனக்குக் குழந்தை வேண்டும் போலத்தான் இருக்கிறது. முன்பு என் உடம்பின் மேல்தான் சந்தேகம். இப்போது அதோடு என் மனசின் மேலும். ஒரு குழந்தை ராத்திரி பகலாகக் கூப்பிடும். ஒவ்வொரு முறையும் நான் போவேனா என்று யோசிக்கிறேன். போவேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

அவள் வீட்டுக்கு அதன்பின் இரண்டு முறை போய்விட்டு வந்தேன். முன்போல இல்லை. சிரித்துப் பேசுகிறாள், ஆனால் தன் உடம்பைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்வதில்லை. எங்கே சிகிச்சை எடுக்கிறாள், எடுக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையை நானே விட்டுவிட்டேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மீண்டும் தொடங்குவதாக இருந்தால் அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் வரச் சொன்னார்கள். என் கணவர் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நாள் வருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.