பால் மணி

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, எங்கள் தெருவில் இருந்த தீயணைப்பு வண்டியும் துறைமுகத்துக்குள் போய்விட்டது. மிஞ்சிய பழைய தீயணைப்பு நிலையத்தைச் சனசமூக நிலையமாக்கினோம். சுவருக்கு நீலமா பச்சையா என்று மூன்று கூட்டம் கூடிச் சண்டை பிடித்த அறிவாளிகளில் நானும் ஒருவன். பிள்ளைகளுக்கு இலவசப் பால் கொடுக்கும்போது வாசலில் தொங்கும் தீ மணியை அடிக்கலாம் என்று சொன்னதும் நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

பால்மா கரைத்துக் கொடுத்தவர் அன்னலட்சுமி. அவருடைய புருஷன் வீரக்குட்டி அதே நிலையத்தில் தீயணைக்கும் வேலை பார்த்து, ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். நிலையத்துக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிசையில் கிடந்தார். கிடந்தாலும் மனிசிக்கு உத்தரவு போடுவதை விடவில்லை.

"நெருப்பெண்டா முதல்ல மணி. தனிய உள்ளுக்குப் போகப்படாது."

கேட்டுக் கேட்டு அன்னலட்சுமிக்கு அது மனப்பாடம்.

1961 ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு மத்தியானம். பக்கத்து வளவில் குப்பைக்கு வைத்த நெருப்பு பறந்து வந்து குடிசைக் கூரையில் பற்றியது. கிணற்றடியில் நின்ற அன்னலட்சுமி கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார். பிறகு திரும்பி மணிக்கு ஓடினார்.

அடித்தார், அடித்தார். ஊர் வந்தது. பால் வாங்கும் தகரப் பேணியோடு வந்தது. குடிசையைக் கட்டடம் மறைத்தது. புகையைக் காற்று கடல் பக்கம் தள்ளியது. பிள்ளைகள் வழமைபோல வரிசையில் நின்றார்கள். என் மகளின் கையில் பேணியைக் கொடுத்து அனுப்பியவனும் நானே.

"மாமி, இண்டைக்கு ரெண்டாந்தரமும் பாலோ?" என்று கேட்டாள் முன்னால் நின்ற சிறுமி ரபீக்கா.

"நெருப்பு! அவர் உள்ளுக்கு! ஆரும் ஓடி வாங்கோ!"

மீன்பிடிக்கிற ஸெய்னுதீன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடினார். அதற்குள் கூரை இறங்கிவிட்டது. வீரக்குட்டி கட்டிலில் இல்லை. கையால் உடம்பை இழுத்து இழுத்து வாசல் பக்கம் வந்திருந்தார். வாசலுக்கு இன்னும் இரண்டு முழம்.

செத்த வீட்டில், "எல்லாம் விதி, அக்கா" என்றேன், வெட்கமில்லாமல்.

அன்னலட்சுமி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு முழம், தம்பி. என்ர கை எட்டியிருக்கும்."