நார்மல் என்று எழுதப் பயந்த நாட்கள்

செகந்திராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளிகளின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஜன்னல் இல்லாத, விளக்கணைத்த அறையில் நானும் என்னைவிடச் சில வருடம் மூத்த இன்னொரு டாக்டரும் அருகருகே உட்கார்ந்திருப்போம். ஒரு படத்தை முடிப்பதற்குள் இன்னும் சில வந்து வரிசையில் நிற்கும். நடுநடுவே அவசரப் பிரிவிலிருந்து போன் வரும். ரிப்போர்ட் ஆயிற்றா என்று மட்டும் கேட்பார்கள். களைப்பாக இருக்கிறது என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால், இவர் கண்ணை இனி நம்ப முடியாது என்று ஆகிவிடும்.

பயம் எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என்னோடு படித்த ஒருவர் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளியைத் தவறவிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்ட பிறகாக இருக்கலாம். கோளாறு தெரிந்த படங்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றுமே இல்லாத படங்கள்தான் என்னை விடவில்லை. 'நார்மல்' என்று எழுதிவிட்டு, அனுப்பாமல், மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன். குளிக்கும்போது காலையில் பார்த்த யாரோ ஒருவரின் ஈரல் கண்முன் வந்து நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் அவர் நுரையீரலில் எங்கே புள்ளி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில், என் மகள் ஓடிவந்து கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள், பிறகு பிஸ்கட் கேட்டாள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்குமோ என்று நான் டார்ச் அடித்து அவள் கண்மணிகளைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாங்கள் தமிழில் பேசினாலும் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

"எந்துக்கம்மா அலா சூஸ்தாவ்?" என்றாள். ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று. குரல் நடுங்கியது. அடிபட்டபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

கணவர் தடுத்தும் கேட்காமல் ஆட்டோ பிடித்து அவளை மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். என் பக்கத்து நாற்காலிக்காரர்தான் அன்று டியூட்டி. தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அவர் குழந்தையை நடக்கவைத்தார், பேச்சுக்கொடுத்துச் சிரிக்கவைத்தார், வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்கேன் நக்கோ மா, வேணாம். பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. எனக்கும்தான். தினமும் காலையில கார்லேர்ந்து இறங்கவே முடியல எனக்கு."

இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியாது. மருத்துவமனை வராந்தாவிலேயே அழுதுவிட்டேன். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து துறைத் தலைவரைப் பார்த்தோம். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எனக்கு விடுப்பு கிடைத்தது. மனநல மருத்துவரிடம் போனேன், மாத்திரையும் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது அரை நாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் வேலையை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

பயம் முழுக்கப் போகவில்லை. வந்தால் இப்போது பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்டுவிடுகிறேன். வேலையை விட்டுப்போனவரின் நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டர், நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது திகைத்துப்போனாள். அவள் என்னை இன்னும் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் சில நாட்களாக, ஒரு படத்தை முடித்து அனுப்புமுன் அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வதைக் கவனிக்கிறேன்.